ஒட்டாத புள்ளி

ஜூன் 3, திங்கள்

போன வாரம் எங்கள் நிறுவனத்தில் மன அழுத்தம் குறைக்கும் முகாம் நடந்தது. கோபம் வந்தால் வாயைத் திறக்காதீர்கள், எழுதுங்கள் என்றார் ஆலோசகர். ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். வேலையை நிரந்தரம் செய்வதைவிட டைரி மலிவுதான்.

முதல் பக்கத்தில் ‘நான் யார்’ என்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நான் பூங்கோதை. வயது முப்பத்தாறு. முனைவர் பட்டம் பெற்றவள். கோவையில் ஓர் இருதய மருத்துவமனையோடு ஒட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் எட்டு வருடமாகத் தற்காலிக விஞ்ஞானி. எட்டு வருடம் நீடிக்கும் தற்காலிகத்தை இங்கேதான் பார்க்கலாம்.

எங்கள் தலைவர் டாக்டர் சடகோபன். வயது ஐம்பத்தெட்டு. காலையில் ரேஸ்கோர்ஸில் நடை, மதியம் கம்பங்கூழ், மீதி நேரம் அடுத்தவர் சாப்பாட்டின் மீது கண். வெள்ளிக்கிழமை என் டிபன் பாக்ஸைப் பார்த்து, “அப்பளமா பூங்கோதை? இந்த வயசுலேயா?” என்று கேட்டார். ஏதோ கஞ்சாவைப் பார்த்துவிட்ட மாதிரி.

இன்று எங்கள் புது ஆய்வின் தொடக்க விழா. நோயாளிகள் நாற்பது பேர், ஆரோக்கியமானவர்கள் நாற்பது பேர், எல்லோரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும். ஆரோக்கியமானவர் பட்டியலில் முதல் ஆளாகத் தலைவரே கையை நீட்டினார். பேனர், பூங்கொத்து, போட்டோகிராபர். ஊசி குத்தும்போது சிரித்தது சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு முறை சிரித்தார். ஊசி மட்டும் ஒரே முறைதான்.

ஜூன் 5, புதன்

அம்மா எங்கள் ஊர் கோபியிலிருந்து போன் செய்தார்.

“ரத்தத்துல என்னத்தக் கண்ணு தேடறீங்க? பக்கத்து வீட்ல கேக்கறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல.”

சொன்னேன். ரத்தக் குழாயின் சுவருக்குள் தசை செல்கள் இருக்கின்றன. சுருங்குவதும் விரிவதும்தான் அவற்றின் வேலை. குழாயில் கொழுப்பும் காயமும் சேரும்போது அவற்றில் சில, பார்த்த வேலையை விட்டுவிட்டு இடம் மாறிப் பெருக ஆரம்பிக்கும். சில, கொழுப்பை விழுங்கி ஊதிப்போகும். அரசு உத்தியோகத்தை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டில் இறங்குகிறவர்கள் மாதிரி. அதனால் உள்ளே அடைப்பு வளரும். இந்தச் செல்களை அவற்றின் வேலையில் பிடித்து வைத்திருப்பவற்றில் மைக்ரோ ஆர்என்ஏ என்ற துணுக்குகளும் உண்டு. அவை ரத்தத்திலும் மிதக்கும். ஒரு வகை குறைந்தால் சுவருக்குள் செல்கள் மனம் மாறுகின்றன என்று ஊகிக்கலாம். நெஞ்சு வலி வரும் முன்பே ஊகிக்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, “செரி, சாப்ட்டயா?” என்றார்.

ஜூன் 19, புதன்

ஃப்ரீசர் பழுது. பழுது பார்ப்பவர் வரும்வரை இதுவும் தற்காலிகம்தானாம், என் வேலை மாதிரி.

ஜூலை 8, திங்கள்

அப்பாவின் திதி வெள்ளிக்கிழமை வருகிறது. வருவாயா என்று அம்மா கேட்டார். லீவு கிடைக்காது என்றேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அப்பா போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக். வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டதில்லை, காய்ச்சல் என்று படுத்ததில்லை. நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் இறந்துபோனார். ஆஸ்பத்திரி வாசல்வரைகூடப் போகவில்லை.

அதனால்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன் என்று சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை. அந்த வருடம் இந்தத் துறையில்தான் உதவித்தொகை காலியாக இருந்தது. தாவரவியலில் இருந்திருந்தால் இந்நேரம் கறிவேப்பிலையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஜூலை 22, திங்கள்

முதல் முடிவுகள் வந்துவிட்டன. படம் அழகாக இருக்கிறது. நோயாளிகளின் புள்ளிகள் கீழே, ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள் மேலே. நடுவில் ஒரு நல்ல இடைவெளி. ஆனால் ஆரோக்கியமானவர்களில் இரண்டு புள்ளிகள் மேலே ஒட்டாமல் கீழே இறங்கி நிற்கின்றன. அதிலும் ஒன்று நோயாளிகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

தலைவர் திரையில் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“ஒரு ஆரோக்கியமானவர் சார்.”

“எடுத்துடு.”

“எதுக்கு சார்?”

“ஒட்டலையேம்மா. ட்யூப்ல ஏதோ கோளாறு. ரத்தத்துல செல் உடைஞ்சிருக்கும். இது இருந்தா படமே கெடுது.”

யாருடைய ரத்தம் எது என்பது எங்களுக்குத் தெரியாது. குழாய்களில் எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் மருத்துவமனையின் இருதய மருத்துவர் டாக்டர் அன்வர் பாட்சாவின் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. எண்களிடம் கருணை காட்டத் தேவையில்லை.

ஜூலை 24, புதன்

அந்தக் குழாயைத் திரும்பவும் சோதித்தேன். ரத்தச் செல்கள் உடையவில்லை. அதே விடைதான். இன்னொரு முறையும் செய்தேன். மறுபடி அதே விடை.

நேர்மையினால் செய்தேன் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ‘எடுத்துடு’ என்று சொன்ன தோரணை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 25, வியாழன்

பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டேன்.

குழாயில் பெயர் இல்லை, சரி. ஆனால் ரத்தம் எடுத்த தேதி இருக்கிறது. ஜூன் 3. விழா நாள். அன்றைக்கு ரத்தம் கொடுத்தது ஒரே ஒரு ஆள். இரண்டு முறை சிரித்த ஆள்.

தன்னையே நீக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார் டாக்டர் சடகோபன். இதைவிடப் பெரிய நகைச்சுவை இந்தக் கட்டடத்தில் நடந்ததில்லை. மதியம் கேன்டீனில் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

சாயந்திரம் அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சில கவனிப்புகள். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை. வேலை இல்லாததால் எழுதுகிறேன்.

லிஃப்டில் ஏறுவது சோம்பேறித்தனம் என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவர் சடகோபன். இப்போதும் படியில்தான் ஏறுகிறார். ஆனால் முதல் மாடித் திருப்பத்தில் நின்று நோட்டீஸ் போர்டைப் படிக்கிறார். அதில் இருப்பது கேரம் போட்டி அறிவிப்பு. போட்டி முடிந்து பல மாதம் ஆகிறது. நேற்றும் படித்தார், இன்றும் படித்தார். படித்து முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மேஜை மேல் வயிற்றெரிச்சலுக்கான மருந்து பாட்டில் முளைத்திருக்கிறது. கேட்டால், “கம்பு சில பேருக்கு ஒத்துக்காதும்மா” என்கிறார். கம்பின் மேல் அவர் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டாக்டர் அன்வரைப் போய்ப் பார்த்தேன். பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“சும்மா ஒரு பேச்சுக்கு டாக்டர். ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட முடிவு நோயாளி மாதிரி வந்துச்சுன்னா, அவர்கிட்டச் சொல்லலாமா?”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “சொல்லக் கூடாதுங்க. இது இன்னும் நிரூபிச்ச டெஸ்ட் கிடையாது. நாளைக்கு நூறு பேரைப் பயமுறுத்தி, தொண்ணூறு பேருக்கு ஒண்ணுமில்லன்னு ஆனா என்ன பண்ணுவீங்க? தனித்தனியா முடிவு சொல்ல மாட்டோம்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கோம்.”

“செரிங்க.”

நான் கதவருகே போனதும் அவரே கூப்பிட்டார். “ஆனா ஒருத்தர் படியேறும்போது மூச்சு வாங்கறாருன்னு வைங்க. அதை யாரு வேணும்னாலும் சொல்லலாம். அதுக்கு மைக்ரோ ஆர்என்ஏ தேவையில்ல.”

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் என்று மறுபடியும் சொல்லிவிட்டு வந்தேன். நம்பியதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று என் புத்திசாலித்தனத்தை முழுதாகக் காட்டிவிட்டேன்.

காலையில் அறைக்குக் கூப்பிட்டார். “அந்தப் புள்ளியை எடுத்தாச்சா?”

“இல்லைங்க சார். ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தேன். ட்யூப்ல கோளாறு இல்லை.”

“அப்போ ஆள்ல கோளாறா?”

வாயை மூடிக்கொண்டு வந்து இந்த டைரியில் எழுதியிருக்கலாம். டைரி கொடுத்ததே அதற்குத்தானே. ஆனால், “சார், நீங்க ஒரு தடவை ட்ரெட்மில் டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் எதுக்கு?”

“படியேறும்போது நின்னு நின்னு ஏறறீங்க. மூச்சு வாங்குது. வயித்தெரிச்சல்னு மருந்து குடிக்கறீங்க.”

மனிதர் முட்டாள் இல்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“ஓ. அப்படியா? உன் படத்துல ஒரு புள்ளி ஒட்டலைங்கறதுக்காக எனக்கு வியாதி வரணுமா? முப்பது வருஷமா நடக்கறேன் நான். எண்ணெய்ப் பலகாரம் தொட்டதில்ல. நீ அப்பளம் சாப்பிடறவ.”

“டெஸ்ட் நல்லா வந்துச்சுன்னா நான் ராஜினாமா பண்ணிடறேன் சார்.”

யார் இதைச் சொன்னது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. நான்தான்.

அவர் எழுந்து நின்றார். “எழுதி வெச்சுக்கோ. வியாழக்கிழமை அன்வர்கிட்டப் பண்ணிக்கறேன். வெள்ளிக்கிழமை உன் மேஜை காலியா இருக்கணும்.”

எட்டு வருடமாக நிரந்தரம் ஆகாத வேலை, ஒரே நிமிடத்தில் தற்காலிகம்கூட இல்லாமல் போனது.

ஆகஸ்ட் 7, புதன்

ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்தேன். நன்றாக வந்திருக்கிறது. ‘தங்கள் மேலான வழிகாட்டுதலுக்கு நன்றி’ என்ற வரியில் மட்டும் கொஞ்சம் நேரம் நின்றேன்.

நாளை முடிவு என்னவாக வரவேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு நோய் இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை. கெட்ட எண்ணம் உள்ளவளாக இருந்தால் இந்தக் கணக்கு சுலபம். காலையிலிருந்து எந்த வேலைக்கு எங்கே மனுப் போடலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உற்சாகமாகவே தேடுகிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

என் வேலை தப்பியது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

புது ஷூ போட்டுக்கொண்டு வந்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார், சாட்சிக்காக. ட்ரெட்மில்லில் ஏறினதும், “பாத்துக்கோ” என்றார். கொஞ்ச தூரம் கம்பீரமாக நடந்தார். வேகம் கூட்டியதும் பேச்சு நின்றது. அன்வர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஈசிஜி கோடுகளைத்தான் பார்த்தார். திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்தினே? நான் இன்னும் போவேன்” என்றார் சடகோபன். போனது குரல் மட்டும்தான், கால் இல்லை.

“இல்லைங்க சார். போதும். உக்காருங்க” என்றார் அன்வர். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மதியமே ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதயத்துக்குப் போகும் இடப்பக்கப் பிரதானக் குழாயில், அது கிளை பிரியும் முன்பே, பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைக்கத் தோதான இடமில்லை, பைபாஸ்தான் என்றார் அன்வர். வீட்டுக்கு அனுப்பவில்லை. அப்படியே படுக்க வைத்துவிட்டார்கள்.

ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். “அந்த மூணாவது சாம்பிள் பிளேட்டை நாளைக்கே ஓட்டிடு, கெமிக்கல் காலாவதி ஆகுது” என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அறுவை சிகிச்சை. காலையிலிருந்து மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏசி சரியில்லை, இங்கே நன்றாக இருக்கிறது.

பக்கத்தில் அவருடைய மனைவி வைதேகி. கையில் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“நீதானே பூங்கோதை?”

“ஆமாங்க.”

“வீட்ல தினம் உன் பேருதான். இந்தப் பொண்ணு எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறதுன்னு.” துண்டை மறுபடி மடித்தார். “மத்தவா யாரும் எதிர்த்துப் பேசறதில்லையோ?”

“இல்லைங்க மாமி.”

“நானும் பேசினதில்லை” என்றார்.

அப்புறம் இருவரும் கேன்டீன் காபி குடித்தோம். மட்டமான காபி. மாமி முழுக்கக் குடித்தார். மாலையில் அன்வர் வெளியே வந்து தலையை ஆட்டினார். நல்ல விதமான ஆட்டல். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மருத்துவமனை என்று பெயர், இத்தனை தூசி.

செப்டம்பர் 4, புதன்

நான் பெரிய தீர்க்கதரிசி என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. கணக்குப் பிரிவில் ஒருவர் கையை நீட்டி, “எனக்கும் பாத்துச் சொல்லுங்க மேடம்” என்றார். ரேகையை என்று நினைத்துக்கொண்டார் போல.

இன்று அந்தக் கிரீடம் கழன்றது. ஒட்டாத புள்ளிகள் இரண்டு அல்லவா? நெறிமுறைக் குழு அனுமதியோடு இரண்டாவது ஆளையும் அன்வர் அழைத்து ஸ்கேன் எடுத்தார். குழாய்கள் புதுசு போல இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை.

“அப்போ அவருக்கு ஏன் குறைஞ்சுது டாக்டர்?”

“தெரியலைங்க. இனிமே அடைப்பு வருமோ என்னமோ. இல்ல, வேற ஏதாவது காரணமா இருக்கும்.”

“அப்போ சடகோபன் சாருக்கு நான் சொன்னது?”

“மூச்சு வாங்கறதைப் பாத்துச் சொன்னீங்க. அதை எழுத முடியாது, ரிசர்ச் பேப்பர்ல போட மாட்டாங்க” என்று சிரித்தார்.

இரண்டில் ஒன்று சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

செப்டம்பர் 23, திங்கள்

தலைவர் திரும்பிவிட்டார். இளைத்திருக்கிறார். லிஃப்டில் வந்தார்.

பதினோரு மணிக்கு அரங்கத்தில் உரை. தலைப்பு: ‘உடல் பேசும், நாம் கேட்க வேண்டும்’. தனக்குள் ஏதோ சரியில்லை என்று தன் உள்ளுணர்வு சொன்னதாம், தானே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டாராம். கைதட்டல். நானும் தட்டினேன். உள்ளுணர்வு அன்று என் ஊதா நிறச் சுடிதாரில் வந்தது என்பது தட்டிய எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அறைக்குக் கூப்பிட்டார். அதே படம், அதே திரை.

“இப்போ அந்தப் புள்ளியை எடுத்துடலாம் இல்லையா? ஆரோக்கியமானவர் பட்டியல்ல அடைப்பு உள்ள ஆளு இருக்கக் கூடாது. விதி.”

விதி அப்படித்தான் சொல்கிறது. அவர் சொல்வது சரி. இரண்டு மாதம் சண்டை போட்டுக் காப்பாற்றிய புள்ளியை என் கையாலேயே நீக்கினேன்.

“இன்னொண்ணு இருக்கே சார். ரெண்டாவது ஆளு.”

“அது இருக்கட்டும். அவருக்கு ஒண்ணும் இல்லையே. எடுக்கறதுக்குக் காரணம் கிடையாது. படம் கெட்டா கெடட்டும்.”

நான் அவரையே பார்த்தேன். சடகோபன் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம்.

கிளம்பும்போது, “உங்க அப்பாவுக்கு அப்போ என்ன வயசு?” என்று கேட்டார்.

“அம்பத்திரண்டு சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வேலைக்கு மனுப் போட்டப்போ எழுதியிருந்தியே. ஏன் இந்தத் துறைங்கற கேள்விக்கு. ஒரு பக்கம் முழுக்க.”

அப்படி எழுதியதாக எனக்கு நினைவில்லை. வேறு யாருடைய மனுவாகவாவது இருக்கும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோபி. நேற்று வந்தேன். லீவு கேட்டேன், கொடுத்தார்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். தலைவர் கதையைச் சொன்னேன். வயிற்றெரிச்சல் மருந்து, ட்ரெட்மில், ஷூ, தாழ்வாரக் காபி எல்லாம். அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். கை மட்டும் நின்றுவிட்டது.

“அவருக்கும் வயித்தெரிச்சல்னுதான் தோணுச்சா?”

“ஆமாம்மா. நெறையப் பேருக்கு அப்புடித்தான் தோணும்.”

“உங்கப்பாவும் அன்னிக்கு வெடியால எந்திரிச்சதும் நெஞ்சு கரிக்குதுன்னாரு கண்ணு. நாந்தான் சீரகத்தண்ணி வெச்சுக் குடுத்தேன். சித்த நேரம் படுங்க, செரியாப் போயிரும்னேன். அவரும் படுத்தாரு. நான் அந்தப் பக்கம் போயித் துணி தொவைக்க ஒக்காந்துட்டேன்.” புளியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். “திரும்பி வந்து பாத்தா ஆளு வேர்த்து நனைஞ்சு கெடக்கறாரு. அப்பறந்தான் வண்டி கூப்புட்டது. இத யாருகிட்டயும் சொன்னதில்ல. நீ படிச்சவ, சொல்லு. நான் ஒடனே கூட்டிட்டுப் போயிருந்தா ஆளு இருந்திருப்பாரா?”

பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு போனில் என்னிடம் சாப்ட்டயா, சாப்ட்டயா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் புளித் தட்டைத் தள்ளி வைத்தேன். சுவருக்குள் இருக்கும் செல்களைப் பற்றிச் சொன்னேன். ரியல் எஸ்டேட் உதாரணம் எல்லாம் இல்லாமல் சொன்னேன். அது ஒரு காலையில் நடப்பது இல்லை, வருடக்கணக்கில் நடப்பது. அப்பா டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோதும், என்னை விடுதியில் கொண்டுவந்து விட்டபோதும், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறியபோதும் உள்ளே நடந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கே தெரியாது. டாக்டருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு, இத்தனை இயந்திரம் இருந்தும், எங்களுக்கே சரியாகத் தெரியவில்லை.

“அப்ப அது மொதல்லயே இருந்துருக்குது.”

“மொதல்லயே இருந்துச்சும்மா.”

“சீரகத்தண்ணியால இல்ல.”

“சீரகத்தண்ணி ஒண்ணும் பண்ணாதும்மா.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு புளித் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அம்மா துணி துவைக்கப் போனதற்கும் வண்டி வந்ததற்கும் இடையில் இருந்த நேரத்தைப் பற்றி நான் பேசவில்லை. அம்மாவும் அதற்குமேல் கேட்கவில்லை.